அப்பாவின் கேஸ் ஷீட்டைத் தர மாட்டோம் என்கிறார்கள்

மதுரைப் பையன்:
போன மாதம் அப்பாவுக்கு இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்தும் மூச்சு வாங்குகிறது. வேறொரு டாக்டரிடம் காட்டினோம். “ஒன்றரைப் பக்க டிஸ்சார்ஜ் சம்மரி போதாது, கேஸ் ஷீட்டும் ஆஞ்சியோ சி.டி.யும் கொண்டு வாங்க” என்றார். போய்க் கேட்டால், அது ஆஸ்பத்திரிக்குச் சொந்தம் என்று பில்லிங் கவுண்டரிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். மூன்று முறை அலைந்துவிட்டேன். என்ன செய்வது?

பழைய ரெக்கார்ட் ரூம்:
தம்பி, நான் ஒரு ஆஸ்பத்திரி ரெக்கார்ட் அறையில் 11 வருடம் வேலை பார்த்தவள். அசல் அவர்களிடம்தான் இருக்கும், அது சரி. நகல் உங்கள் உரிமை. மருத்துவ கவுன்சிலின் 2002 விதிமுறையிலேயே இருக்கிறது: நோயாளியோ அவர் அனுப்பிய ஆளோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வாயால் கேட்டால் அந்த 72 மணி நேரத்தை எதிலிருந்து எண்ணுவது? எழுதிக் கொடுங்கள். அப்பா பெயர், ஐ.பி. (உள்நோயாளி) எண், சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி, ‘என் மகனிடம் கொடுக்கவும்’ என்று ஒரு வரி, அப்பா கையெழுத்து. வெறுமனே ‘கேஸ் ஷீட்’ என்று எழுதினால் மேலே இருக்கும் நாலு தாளை ஜெராக்ஸ் எடுத்து நீட்டிவிடுவார்கள். நர்ஸ் நோட்ஸ், மருந்து சார்ட், சம்மதப் படிவம், ஆஞ்சியோ சி.டி. என்று பிரித்து எழுதுங்கள். பில்லிங்கில் நிற்காதீர்கள், நேரே எம்.ஆர்.டி.க்கு, அதாவது ரெக்கார்ட் அறைக்குப் போங்கள். இன்னொரு பிரதியில் சீலும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள்.

ஒரு அம்மா மஞ்சப்பையோடு நாலு நாள் எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்காரருடைய ஃபைல் என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில், நாடா கட்டியபடி இருந்தது. மேலதிகாரி கையெழுத்து இல்லாமல் தரக்கூடாது என்று எனக்கு உத்தரவு. இந்த 72 மணி நேர விதி அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தம்மாவுக்கு நானே கடிதம் எழுதிக் கொடுத்திருப்பேன்.

திருச்சி வாசகர்:
அக்கா சொன்னதுதான் வழி. அரசு ஆஸ்பத்திரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்: 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. தனியார் மறுத்தால் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலுக்குப் புகார் அனுப்புங்கள். அப்புறம், உள்நோயாளி ரெக்கார்டை 3 வருடம் வைத்திருக்க வேண்டும் என்றுதான் விதி. தள்ளிப்போடாதீர்கள்.

மதுரைப் பையன்:
அக்கா, செவ்வாய் காலை 11 மணிக்குக் கொடுத்தேன். முதலில் சீல் போட மறுத்தார்கள். 2002 விதியை நீங்கள் சொன்னபடியே கடிதத்தில் எழுதியிருந்தேன், அதைப் படித்துவிட்டு உள்ளே போனவர் சீலோடு வந்தார். வெள்ளிக்கிழமை போகிறேன். அப்பாவுக்கு நேற்று ராத்திரியும் தூக்கமில்லை, நாற்காலியில்தான் சாய்ந்திருந்தார்.

பழைய ரெக்கார்ட் ரூம்:
தம்பி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். ஃபைல் பின்னால் வரட்டும், அப்பாவை இன்றே புது டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.