மம்ப்ஸ் வரியைப் பைத்தானில் போட்டால் எல்லாத் தேதியும் 1841 ஆகிறது, உதவி தேவை

ரப்பர்காடு (சுங்கை சிப்புட்):
வணக்கம். தோட்டத்து வீட்டிலிருந்தே ஓர் அமெரிக்க மருத்துவமனையின் பழைய பதிவுகளை மாற்றும் ஒப்பந்த வேலை பார்க்கிறேன். பைத்தான் மொழிக்கு மாற்ற வேண்டிய மூல நிரல் மம்ப்ஸ் என்ற பழைய நிரல்மொழியில் இருக்கிறது. ஈப்போவில் எனக்குத் தெரிந்த நிரலாளர்கள் யாரும் அதைத் தொட்டதில்லை.

வெளிநோயாளி வந்த நேரம் 67346,36000 என்ற மாதிரி, நாள் எண், நொடி என்று இருக்கிறது (நானே போட்ட எண், நோயாளியுடையது அல்ல). யூனிக்ஸ் நொடியாக்க (1970 ஜனவரி 1-லிருந்து எண்ணும் நொடி; அந்த நாளின் மம்ப்ஸ் எண் 47117) மூல நிரலில் உள்ள வரி:

67346-47117*86400+36000

அங்கே சரியான விடை. பைத்தானில் -4070805454. தேதியாக்கினால் 1841 ஜனவரி 1. 2000-க்குப் பிந்தைய பகல் நேரப் பதிவுகள் எல்லாமே அதே நாளில் போய் நிற்கின்றன. தரவு கெட்டுவிட்டதா? வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும், கவலையாக இருக்கிறது.

பழையநிரல்:
தரவு நன்றாகவே இருக்கிறது தம்பி. மம்ப்ஸில் பெருக்கலுக்கு முன்னுரிமை கிடையாது. இடமிருந்து வலமாக, வந்த வரிசையிலேயே கணக்குப் போடும். 2+3*4 அங்கே 20. உங்கள் வரியில் முதலில் கழித்து 20229 நாள், அப்புறம்தான் ஒரு நாளின் நொடிகளான 86400-ஆல் பெருக்கல். பைத்தான் 47117-ஐ முதலில் பெருக்கிவிடுகிறது. இப்படிப் போடுங்கள்:

(67346-47117)*86400+36000

2025 மே 21, காலை 10 மணி வர வேண்டும்.

1841 எங்கிருந்து வந்தது என்றால், மம்ப்ஸில் நாள் எண் 1 என்பதே 1841 ஜனவரி 1. 1960-களில் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பிறந்த மொழி இது. 121 வயதான உள்நாட்டுப் போர் வீரர் ஒருவரைப் பற்றிப் படித்த நினைவில், அவ்வளவு மூத்த நோயாளியின் பிறந்த நாளும் அடங்கட்டும் என்று 1840-களின் தொடக்கத்தைத் தேர்ந்ததாக, அங்கே அந்தத் தேதி நிரலை எழுதிய ஜேம்ஸ் பாய்ட்ராஸ் பின்னாளில் எழுதியிருக்கிறார். நோயாளியை மனதில் வைத்து எடுத்த முடிவு, எனக்கு மிகவும் பிடித்தது.

ரப்பர்காடு:
தேதி வந்துவிட்டது, ரொம்ப நன்றி அண்ணே! ஆனால் காலை 10-க்குப் பதில் மாலை 6 காட்டுகிறது.

ஈப்போஅக்கா:
அது உங்கள் கணினியின் மலேசிய நேரம், 8 மணி கூட்டிவிட்டது. அதற்காக 8-ஐக் கழித்து வைக்காதீர்கள். 36000 என்பது அந்த மருத்துவமனைக் கடிகாரத்தில் நள்ளிரவிலிருந்து ஓடிய நொடிகள். அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள் வேறு. நேர மண்டலமே சேர்க்காமல், 1840 டிசம்பர் 31-உடன் நாளையும் நொடியையும் கூட்டி அப்படியே எழுதுங்கள்.

இன்னொன்று, இதுதான் ஆபத்தானது: நிபந்தனைகளுக்கும் அதே இடவல விதிதான். வயது>5&எடை<30 (வயது 5-க்கு மேல், எடை 30-க்குக் கீழ்) என்று அடைப்புக்குறி இல்லாமல் இருந்தால், எடை வரையிலான பகுதியின் விடை 0 அல்லது 1; அதைத்தான் 30-உடன் ஒப்பிடும், எப்போதும் உண்மை. மருந்தளவு பார்க்கும் வரியில் இப்படி ஒன்று இருந்தால் நீங்களாகத் திருத்தாதீர்கள். மருத்துவமனைத் தரப்பிடம் காட்டிக் கேளுங்கள்.

ரப்பர்காடு:
சரிங்க அக்கா. நேரம் இப்போது 10 காட்டுகிறது. அடைப்புக்குறி இல்லாத நிபந்தனைகளைத் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறேன். பட்டியலை அனுப்பி, பதில் வந்த பிறகுதான் ஒப்படைப்பேன் என்று கம்பெனியிடம் சொல்லிவிட்டேன்.