'பால்ஸ் பட்டாலியன்' என்பதற்குத் தமிழ்ச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

முதல் உலகப் போரின் தொடக்கத்தில், ஏற்கெனவே அறிமுகமானவர்களை ஒன்றாகச் சேர்த்து பிரிட்டனில் திரட்டப்பட்ட படைப்பிரிவுகளே 'பால்ஸ் பட்டாலியன்'கள் (pals: நண்பர்கள்). இவற்றுக்கு நேசப்படை, தோழமைப்படை, ஊர்ப்படை ஆகிய சொற்கள் நம் கலைச்சொல் குழுவில் முன்மொழியப்பட்டுள்ளன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு.

முதல் இரண்டையும் கூட்டணி என்ற பொருள் ஏற்கெனவே பிடித்துக்கொண்டுவிட்டது. 'நேசநாடுகள்' என்று நெடுங்காலமாக எழுதிவருகிறோம். தேர்தல் செய்திகளில் 'தோழமைக் கட்சி' வராத நாளில்லை. ஆகவே 1916ஆம் ஆண்டுப் போரைப் பற்றிய கட்டுரையில் 'நேசப்படை' என்று கண்டால், பிரெஞ்சுப் படையும் பிரிட்டிஷ் படையும் இணைந்து போரிட்டதாகவே வாசகர் கொள்வார். 'நண்பர் பட்டாளம்' என்றாலோ கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைச் சூழ்ந்து நிற்கும் கூட்டம்தான் கண்முன் வரும்.

ஊர்ப்படை என்பதில் உள்ள சிக்கல் வேறு. ஊர்க்காவல் படையோடு குழப்பம் நேரும் என்பது ஒருபுறமிருக்க, இப்படைகளை இணைத்த கயிறு எப்போதும் ஊராக இருக்கவில்லை. 1914 ஆகஸ்டில் போர் அமைச்சராகப் பொறுப்பேற்ற கிச்சனர் பிரபு ஒரு லட்சம் தொண்டர்களுக்கு அழைப்பு விடுத்தபோது, தமக்குத் தெரிந்தவர்களோடு சேர்ந்தே பணியாற்றலாம் என்ற உறுதி இருந்தால் மேலும் பலர் முன்வருவார்கள் என்று ஜெனரல் ராலின்சன் கருதினார். அக்கருத்தின்படி லண்டன் பங்குத் தரகர்களையும் நகர அலுவலகப் பணியாளர்களையும் கொண்டு ராயல் ஃபியூசிலியர்ஸ் என்ற ரெஜிமெண்டின் 10ஆம் பட்டாலியன் உருவாயிற்று. அம்மாத இறுதியில் லிவர்பூலில் டெர்பி பிரபு, ஒரே அலுவலகத்து நண்பர்கள் தோளோடு தோள் நின்று போரிடும் படை என்று பேசியபோது 'பால்ஸ்' என்ற சொல்லை ஆள, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. கிளாஸ்கோவில் டிராம் ஊழியர்கள் தனிப் பட்டாலியனாகச் சேர்ந்தார்கள். ஹல் நகரம் அலுவலகப் பணியாளர், கைத்தொழிலாளர், விளையாட்டு வீரர் என மூன்றைத் திரட்டிவிட்டு, எஞ்சியவர்களைக் கொண்ட நான்காவதை 'மற்றவர்கள்' என்றே அழைத்தது. (கலைச்சொல் ஆக்கத்தில் அந்த நகரத்தார் நம்மைவிடச் சிக்கனக்காரர்கள்.) வட இங்கிலாந்து ஊரான அக்ரிங்டனின் பெயரைத் தாங்கிய பட்டாலியனிலேயே சோர்லி, பர்ன்லி ஆகிய ஊர்க்காரர்களுக்குத் தனித்தனிக் கம்பெனிகள் இருந்தன.

எனவே சொல்லில் இடம்பெற வேண்டிய கூறு, படையில் சேருமுன்பே ஒருவரையொருவர் அறிந்திருந்து, சேர்ந்தபின்னும் பிரிக்கப்படாதிருத்தல் என்பதே. 1916 ஜூலை 1 அன்று பிரான்சின் சோம் போர்முனையில் செர் கிராமத்தைத் தாக்கச் சென்ற அக்ரிங்டன் பட்டாலியனின் சுமார் 720 பேரில் 584 பேர் இறந்தோ காயமுற்றோ காணாமலோ போனார்கள். அருகருகே வாழ்ந்தவர்கள் ஒரே பிரிவில் நின்றதால்தான் அந்த இழப்பு ஒரு சில ஊர்களின் தெருக்களில் மொத்தமாக வந்து விழுந்தது.

பரிமேலழகர் கூறும் அறுவகைப் படைகளில் ஒன்றான 'நாட்டுப்படை'யை மீட்கலாமா என்றும் எண்ணிப் பார்த்தேன். 'நாடு' சிறு நிலப்பகுதியைக் குறித்த காலத்தில் அது ஓரளவு பொருந்தியிருக்கும். இன்று தேசிய இராணுவம் என்றே பொருள்படும்.

என் பரிந்துரை 'சேக்காளிப் பட்டாலியன்'. மதுரை, நெல்லைப் பக்கங்களில் வழங்கும் சேக்காளி என்ற சொல், பழகிச் சேர்ந்து திரிபவனைக் குறிக்கிறது. 'படையில் சேர்தல்' என்பதன் ஒலியும் அதில் இயல்பாகக் கேட்கிறது. பேச்சுவழக்குச் சொல் கலைச்சொல்லாகுமா என்று சிலர் கேட்கக்கூடும். 'பால்' (pal) என்பதும் ஜிப்சி மக்களின் ரோமானி மொழியிலிருந்து ஆங்கிலப் பேச்சுவழக்கில் நுழைந்த சொல்தான். படையின் ஏடுகளில் இவை எண்ணிட்ட சேவைப் பட்டாலியன்களாகவே பதிவாயின. மக்கள் இட்ட பெயரை மக்கள் சொல்லால் பெயர்ப்பதே முறை. 'கூட்டாளி' ஈழத்தில் நன்கு பொருந்தும் என்றாலும், தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் அதைத் திருட்டு வழக்குகளுக்கே ஒதுக்கிவிட்டன.

பட்டாலியனை அப்படியே வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. 'படையணி' இலங்கையில் ரெஜிமெண்டையும் குறிப்பதால், ஒரு ரெஜிமெண்டுக்குள் பல பட்டாலியன்கள் உள்ள பிரிட்டிஷ் அமைப்பை விளக்கும்போது வாக்கியம் தடுமாறும். தனிப்பெயர்களை 'அக்ரிங்டன் சேக்காளிகள்', 'லீட்ஸ் சேக்காளிகள்' என்று எழுதலாம். 'சம்ஸ்' (chums: நெருங்கிய நண்பர்கள்) என்று தம்மை அழைத்துக்கொண்ட கிரிம்ஸ்பிக்காரர்களுக்கு மட்டும் 'கிரிம்ஸ்பி கூட்டாளிகள்' என்று வேறுபடுத்தலாமா என்பதைக் குழுவினர் தெரிவிக்க வேண்டுகிறேன்.