வெட்டாத ஷாட்டா, வெட்டிய ஷாட்டா: பதற்றம் எதில் கூடுகிறது?

ஜன்னலோரம்:
‘அடலசன்ஸ்’ தொடரை இரண்டாம் முறையும் பார்த்து முடித்தேன். 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. நான்கு அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஷாட், கேமரா நடுவில் நிற்பதே இல்லை. (இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் இப்போதே ஓடிவிடுங்கள், கதை முழுக்க வெளியே வரும்.)

என் கட்சி இதுதான்: நாடகத் தொடரில் பதற்றத்தை உண்டாக்க வெட்டாத ஷாட்டுக்கு ஈடு கிடையாது. முதல் அத்தியாயத்தில் போலீஸ் கதவை உடைத்து நுழைந்து, ஒரு பெண்ணைக் கொன்றதாகப் பதின்மூன்று வயதுப் பையனைக் கைது செய்கிறது. வேறு தொடராக இருந்தால் அடுத்த காட்சி ஸ்டேஷனில் தொடங்கியிருக்கும். இங்கே வேனுக்குள் அவன் பக்கத்தில் நாமும் உட்கார்ந்து போகிறோம். அந்தப் பயணத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது, அதுதான் பாடாய்ப் படுத்துகிறது. நடுவில் ஒரு கட் வந்திருந்தால் நமக்கு மூச்சு விட இடம் கிடைத்திருக்கும். இதில் கிடைக்கவில்லை.

கத்தரி:
எடிட்டிங்கில் பிழைப்பு நடத்துகிறவன் என்பதால் எனக்கு ரோஷம் வருவது இயற்கை. அதை ஒதுக்கிவிட்டே பேசுகிறேன்.

கட் என்றால் மூச்சு விட இடம் என்று யார் சொன்னது? மூச்சைப் பிடித்து வைக்கவும் அதே கட்தான். ‘தி சோப்ரானோஸ்’ தொடரில் 2007-இல் வந்த கடைசிக் காட்சியைப் பாருங்கள். மாஃபியா தலைவன் டோனி ஓர் உணவகத்தில் உட்கார்ந்து குடும்பத்துக்காகக் காத்திருக்கிறான். கதவு மணி அடிக்கிறது, நிமிர்கிறான், கட், உள்ளே வருபவர் முகம். மறுபடி மணி, நிமிர்கிறான், கட், வேறொருவர். சில தடவையில் நம் கண்ணுக்கே அந்த வரிசை பழகிவிடுகிறது. இடையில் வெளியே மகள் காரை ஓரங்கட்ட முடியாமல் முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். கவுண்டரில் இருந்த ஓர் ஆள் எழுந்து கழிவறைக்குப் போகிறான். மணி அடிக்கிறது, டோனி நிமிர்கிறான், கட். வெறும் கறுப்பு. சத்தமும் இல்லை. கேபிள் போய்விட்டது என்றே அன்றிரவு பலர் நினைத்தார்கள்.

காரை நிறுத்துவதில் என்ன பயம் இருக்கிறது? தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. கழிவறைக்குப் போகிறவனுக்குப் பக்கத்தில் அதை ஒட்டியதால்தான் வயிற்றைப் பிசைகிறது. சிங்கிள் டேக்கில் இதை எப்படிச் செய்வீர்கள்? கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கும் மேசைக்கும் ஓடுவீர்களா?

ஜன்னலோரம்:
நல்ல உதாரணம்தான். ஆனால் அங்கே இயக்குநர் நம்மோடு விளையாடுகிறார், நாமும் தெரிந்தே விளையாடுகிறோம். நான் சொல்வது வேறு வகை.

‘அடலசன்ஸ்’ மூன்றாவது அத்தியாயம். ஓர் அறை, ஒரு மேசை, பையன் ஜேமி, உளவியலாளர் பிரையனி. அவனுக்காக ஹாட் சாக்லேட் கொண்டுவந்திருக்கிறாள். சிரித்துப் பேசுகிறான், கிண்டல் செய்கிறான். கேமரா அவர்களை அவசரமில்லாமல் சுற்றி வருகிறது. சட்டென்று எழுந்து கத்துகிறான், கோப்பை பறக்கிறது. கத்திவிட்டு அவள் முகத்தைப் பார்க்கிறான்: பயந்துவிட்டாளா என்று. அவளும் காட்டிக்கொள்ளவில்லை.

அப்புறம் எழுந்து வெளியே வருகிறாள், கேமராவும் கூடவே வருகிறது. அங்கேதான் அவளுடைய நடுக்கம் நமக்குத் தெரிகிறது. அறைக்குள் அவள் போட்டிருந்தது முகமூடி என்பதை வசனமே இல்லாமல் காட்டியாகிவிட்டது. எடிட்டர் கையில் கொடுத்திருந்தால் அந்த நேரத்தில் உள்ளே பையன் முகத்துக்குத் தாவியிருப்பார், இல்லையா? நமக்கு அவன் தெரியக் கூடாது. உள்ளே அவன் என்ன செய்கிறானோ என்ற சந்தேகத்தோடு நாம் அவளோடு நிற்க வேண்டும்.

ஒலிவாங்கி:
இரண்டு பேரும் படத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். கத்தரி சொன்ன காட்சியில் பயத்தை ஏற்றியது அந்த மணி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அடுத்த மணிக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். முடிவில் கறுப்பைவிட அதிர்ச்சி, ஓடிக்கொண்டிருந்த பாட்டு பாதி வரியில் அறுந்தது.

ஜன்னலோரம் சொன்ன அறையிலும் அப்படித்தான். பின்னணி இசையை எங்கே போடாமல் விட்டார்கள் என்று கவனித்துப் பாருங்கள். தினசரித் தொடர்களில் ஒரு முகத்துக்கு மூன்று ஜூம் போட்டு, ஒவ்வொரு ஜூமுக்கும் ஓர் இடி இடிப்பார்கள். ஆர்.ஆர். (பின்னணி இசை) அத்தனையும் வேலை செய்யும், பதற்றம் மட்டும் வராது.

கத்தரி:
ஒலி விஷயத்தில் சண்டையே இல்லை.

ஜன்னலோரத்துக்கு. ஒன்று, அந்த மூன்றாம் அத்தியாயத்தில் எடிட்டிங் இல்லை என்று நினைக்காதீர்கள். கேமரா பிரையனியின் தோளுக்குப் பின்னால் வந்து ஜேமியைக் காட்டும்போது அது அசல் சஜஷன் ஷாட். சுற்றிக்கொண்டு அவள் முகத்துக்கு வரும்போது ரியாக்‌ஷன். யாரை எப்போது காட்டுவது, யாரை மறைப்பது என்ற முடிவை எடிட்டிங் மேசையில் எடுக்காமல் ஒத்திகையிலேயே எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அந்த அத்தியாயம் ஜெயித்ததற்குக் காரணம் அது ஒரே அறை. கேமரா அதிக தூரம் போக வேண்டியதில்லை.

இரண்டாம் அத்தியாயத்துக்கு வாருங்கள். பள்ளிக்கூடம். ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்குப் போக வராந்தா வராந்தாவாக நடக்கிறார்கள். பாதி நடை கதைக்காக, மீதி நடை கேமராவைக் கொண்டுபோய்ச் சேர்க்க. கடைசியில் கேமராவை டிரோனில் மாட்டிப் பறக்கவிட்டு, பெண் கொலையான இடத்தில் இறக்குகிறார்கள். ஜேமியின் அப்பா அங்கே பூ வைக்கிறார். நான் அந்தப் பெண்ணைப் பற்றி யோசித்திருக்க வேண்டும். டிரோனை எப்படி மாட்டினார்கள் என்றுதான் யோசித்தேன். 2014-இல் ‘ட்ரூ டிடெக்டிவ்’ முதல் சீசனில் வந்த ஆறு நிமிட ஷாட்டும் அப்படித்தான். பிரமிப்பு வந்தது, பயம் வரவில்லை.

இன்னொன்று. ‘அடலசன்ஸ்’ முதல் அத்தியாயத்தில் உங்களை உலுக்கியது எது? எனக்கு, விசாரணை அறையில் காட்டும், கொலை பதிவான அந்தக் கண்காணிப்பு கேமரா வீடியோ. அசையாத கேமரா, தூரத்தில் சின்னச் சின்ன உருவங்கள், க்ளோசப் கிடையாது. வெட்டக் கூடாது என்று சபதம் எடுத்தவர்களே இன்னொரு கேமரா எடுத்ததைத் திரைக்குள் திரையாகக் கொண்டுவர வேண்டியிருந்தது!

புதுவாசகி:
கத்தரி அண்ணா, கேமரா அசையாமலே, நீளமான ஷாட்டும் இல்லாமல் ஒரு ஆளைக் காட்ட முடியாதா? 2015-இல் தொடங்கிய ‘மிஸ்டர் ரோபோ’வில் முகத்தை ஃப்ரேமின் கீழ் மூலையில் ஒதுக்கிவிட்டுத் தலைக்கு மேல் அத்தனை வெற்றிடம் விடுவார்கள். முதலில் என் டிவியில்தான் கோளாறு என்று நினைத்தேன்.

கத்தரி:
அருமையான கேள்விம்மா. வழக்கமாக ஒருவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் இடம் விடுவோம். அந்தத் தொடரில் நேர் எதிராகச் செய்தார்கள். நாயகன் எலியட் இடது ஓரத்தில் இருந்துகொண்டு இடது பக்கமே பார்ப்பான். மூக்குக்கு முன்னால் சுவர் மாதிரி ஃப்ரேமின் விளிம்பு, முதுகுக்குப் பின்னால் பெரிய வெற்றிடம். பேசுகிற இருவரும் ஆளுக்கொரு விளிம்பைப் பார்ப்பதால், ஒரே மேசையில் இருந்தாலும் கட் செய்யும்போது ஒட்டவே ஒட்டாது. அவனுக்கு மனிதர்களோடு ஒட்டவில்லை என்பதை அதற்குமேல் எப்படிச் சொல்வது? பின்னாலிருந்து யாரோ வரப்போகிறார்கள் என்ற கிலி வேறு, இலவசமாக.

ஜன்னலோரம்:
இங்கே நான் குறுக்கே வருகிறேன். எலியட் மட்டும் அப்படி நின்றால் சரி, அது அவனுடைய குணச்சித்திரம். அந்தத் தொடரில் எல்லோரையும் அல்லவா மூலையில் நிறுத்துகிறார்கள்? எலியட் இல்லாத காட்சியிலும் அதேதான். அப்படியென்றால் அது ஒளிப்பதிவின் கையெழுத்து. நாலு அத்தியாயம் போனதும் எனக்கு அது உறுத்தவே இல்லை, பழகிவிட்டது. பழகின பிறகு பதற்றம் ஏது?

புதுவாசகி:
ஆனால் கதையை நமக்குச் சொல்வதே எலியட்தானே? அவன் கண்ணுக்கு உலகமே அப்படித் தெரிகிறது என்று எடுத்துக்கொள்ளலாமே.

ஜன்னலோரம்:
அவன் இல்லாத அறையும் அவன் கண்ணுக்குத் தெரியுமா தங்கச்சி? அந்தச் சமாதானத்தை வைத்து எதையும் நியாயப்படுத்திவிடலாம்.

ஒலிவாங்கி:
நடுவில் ஒன்று. ‘சக்சஷன்’, அந்தப் பெரும்பணக்காரக் குடும்பத்துத் தொடர், யாருக்கும் நினைவுக்கு வரவில்லையா? கேமரா கையில் ஆடும், தப்பான ஆளைப் பிடிக்கும், பிறகு பதறி ஜூம் போட்டுச் சரியான முகத்துக்கு ஓடும். ஒருவர் பேசி முடித்து, யாரும் பார்க்கவில்லை என்று முகத்தைத் தளர்த்துகிற அந்த நொடியில் பிடித்துவிடும். அந்தக் குடும்பத்தில் யாரும் வாயால் உண்மை சொல்ல மாட்டார்கள், அதனால் கேமரா திருட்டுத்தனமாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஜன்னலோரம்:
அதைச் சொன்னதற்கு நன்றி, அது என் பக்கத்துச் சான்று! 2023-இல் வந்த திருமண அத்தியாயம். படகில் இருக்கும் பிள்ளைகளுக்கு, விமானத்தில் அப்பா சாகிற செய்தி போனில் வருகிறது. அந்தக் காட்சித் தொடரை நடிகர்கள் கிட்டத்தட்ட அரை மணி நேரம் நிறுத்தாமல் ஒரே மூச்சில் நடித்தார்கள். அது ஃபிலிமில் எடுத்த தொடர். சுருள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதனால் ஒரு கேமராவில் சுருள் மாற்றும்போது மற்றவை ஓடும்படி முறை வைத்து எடுத்தார்கள். அவ்வளவு சிரமம் எதற்கு? துண்டு துண்டாக எடுத்தால் அந்த உயிர் வராது என்பதால்தானே?

கத்தரி:
நடிகர்களுக்கு நீளமான டேக் கொடுத்தார்கள், சரி. ஒளிபரப்பில் உங்களுக்குக் கொடுத்தது எதை? நன்றாக வெட்டிய காட்சியை. போன் ஒருவர் காதில் இருக்கும்போது இன்னொருவர் முகத்துக்கு வெட்டுகிறார்கள். அவருக்கு மறுமுனை கேட்கவில்லை, பேசுகிறவரின் முகத்தை வைத்துத்தான் அப்பா இருக்கிறாரா இல்லையா என்று கணக்குப் போடுகிறார். எனக்கு அந்த அத்தியாயத்தில் தொண்டை அடைத்தது அங்கேதான். அரை மணி நேரம் ஒரே கேமரா சுற்றியிருந்தால் அந்தப் பார்வைகளில் பாதி அதன் முதுகுக்குப் பின்னால் போயிருக்கும்.

ஜன்னலோரம்:
அந்த அரை மணி நேர ரஷ்ஷை (எடிட் செய்யாத பதிவை) வெட்டாமல் எப்போதாவது வெளியிட்டால் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன். அதுவரை என் கட்சி மாறாது.