கிரானுலோசா செல் கட்டி: நீண்டகாலக் கண்காணிப்பு குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். மாதவிடாய் நின்று சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் உதிரப்போக்கு ஏற்பட்டதால் பரிசோதிக்கப்பட்ட என் அக்காவுக்கு, சூலகப் புற்றுநோயில் அரிய வகையான கிரானுலோசா செல் கட்டி இருப்பது தெரியவந்து, அறுவை சிகிச்சையில் அது முழுமையாக அகற்றப்பட்டது. முதல் நிலையிலேயே கண்டறியப்பட்டதால் கீமோதெரபி தேவையில்லை என்று மருத்துவர் கூறியுள்ளார்.

பெரியவர்களுக்கு வரும் இவ்வகைக் கட்டிகள் ஏறத்தாழ அனைத்திலும் காணப்படும் ஃபாக்ஸ்எல்2 மரபணு மாற்றம் 2009-இல் கண்டறியப்பட்டது. அது கட்டியின் செல்களில் மட்டுமே தோன்றுவது, பரம்பரையாக வருவதன்று என்பது உடன்பிறந்த எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

எங்கள் கவலையெல்லாம், இந்நோய் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடும் என்பதே. சூலகப் புற்றுநோய்க்கு வழக்கமாகச் செய்யும் சிஏ-125 என்ற இரத்தப் பரிசோதனை இதற்குப் போதாது, இக்கட்டியின் செல்கள் சுரக்கும் இன்ஹிபின் பி என்ற ஹார்மோனின் அளவையே இரத்தத்தில் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் எங்கள் ஊர் ஆய்வகத்தில் தந்த அறிக்கையில் சிஏ-125 மட்டுமே இருக்கிறது.

இந்நோயுள்ளவர்களோ அவர்களின் குடும்பத்தினரோ இக்குழுவில் இருந்தால், இன்ஹிபின் பி பரிசோதனையை எங்கே, எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை செய்கிறீர்கள் என்பதையும், ஸ்கேன் எடுக்க உங்கள் மருத்துவர் எந்த இடைவெளியைப் பரிந்துரைத்தார் என்பதையும் அன்புகூர்ந்து தெரிவியுங்கள். அடுத்த சந்திப்பில் அக்காவின் மருத்துவரிடம் அவற்றைக் கேட்டுத் தெளிவு பெற விரும்புகிறோம்.