சப்வூஃபர் மக்கர் பண்ணினால்: ரிப்பேரா, புதுசா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கோவைக்காரன்:

எங்கள் வீட்டு சப்வூஃபர் (பேஸ் சத்தத்துக்கென்றே இருக்கும் பெட்டி) ஆம்ப், அதாவது சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர், உள்ளேயே இருக்கும் வகை, எட்டு இன்ச் வூஃபர் (உள்ளே இருக்கும் பேஸ் ஸ்பீக்கர்), நல்ல கனமான மரப்பெட்டி. வாங்கிப் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். போன மாதம் திடீரென்று பாட்டு ஓடாத நேரத்திலும் ‘ம்ம்ம்’ என்று ஒரே இரைச்சல், வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தாலும் அடங்கவில்லை. கடையில் திறந்துகூடப் பார்க்காமல் “போர்டு போச்சு சார், ஸ்பேர் வராது, புதுசு பாத்துக்குங்க” என்றார்கள். பாட்டுப் போட்டால் பேஸ் பழையபடி நன்றாகத்தான் வருகிறது, அப்புறம் எப்படி மொத்தப் போர்டும் போயிருக்கும்?

வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலில் பாட்டு சிக்னல் வரும் ஆர்சிஏ ஒயரைப் பிடுங்கிவிட்டு பவர் மட்டும் கொடுத்தேன். இதில் இரைச்சல் நின்றுவிட்டால் கோளாறு பெட்டியில் இல்லை, பெரும்பாலும் எர்த் பிரச்சினை, செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் ஒயரைக் கழற்றினால் தெரிந்துவிடும். (இதற்காக பிளக்கில் எர்த் பின்னை உடைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.) எனக்கு நிற்கவில்லை. அடுத்தது வூஃபர். கோனின் (வூஃபரின் முன்னால் அதிரும் கூம்பு) இரண்டு பக்கமும் விரல் வைத்து ஒரே அளவாக மெதுவாக அழுத்தினால் உரசல் எதுவும் கேட்கவில்லை. மல்டிமீட்டரில் 4 ஓம் வூஃபர் 3.4 காட்டியது, வூஃபரில் எழுதியிருப்பதைவிட மீட்டர் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும், அது சரிதான். மீட்டர் இல்லாதவர்கள் வூஃபர் ஒயரை ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு ஒரு பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள், ‘டப்’ என்று கோன் அசைந்தால் வூஃபருக்குள் இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) அறுந்து போகவில்லை.

ஆக பெட்டி நல்லது, வூஃபர் நல்லது. தெருமுனையில் பழைய டிவி மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். பின்பக்கத் தகட்டைக் கழற்றியதுமே காட்டினார்: கரண்டைச் சேர்த்து வைக்கும் 4700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இரண்டும் தலை உப்பி இருந்தன, அவற்றை அசையாமல் பிடிக்க கம்பெனியில் ஊற்றிய மஞ்சள் பசை காய்ந்து காபிக்கொட்டை நிறத்துக்கு மாறியிருந்தது. அந்தப் பசை சூட்டில் கருத்துவிட்டால் கரண்ட் கடத்த ஆரம்பித்துவிடும், பக்கத்தில் இருக்கும் பார்ட்ஸின் காலையும் அரித்துவிடுமாம். பிளேடு முனையால் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார். கெபாசிட்டர் மாற்றியபின் நேராக பிளக்கில் சொருகவில்லை, 100 வாட் குண்டு பல்பை பவர் ஒயரின் நடுவில் சீரிஸில் போட்டுத்தான் பவர் கொடுத்தார். பல்பு ஒரு தடவை பளிச்சென்று எரிந்து மங்கியது. முழு வெளிச்சத்தில் நின்றிருந்தால் உள்ளே ஷார்ட் என்று அர்த்தம். கூலியோடு 450 ரூபாய், இரைச்சல் சுத்தமாக இல்லை.

ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்பதற்கு முன்னால் பெட்டி, வூஃபர், ஆம்ப் மூன்றில் எது போயிற்று என்று கேளுங்கள். முதல் இரண்டும் நன்றாக இருந்தால் நான் புதுசு பக்கமே போக மாட்டேன். மற்றவர்களுக்கு எப்படி?

வேளச்சேரி வாசி:

எங்களுக்குப் போனது பெட்டிதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் டிவியைத் தூக்கிப் பரண்மேல் வைத்தோம், சப்வூஃபர் தரையிலேயே நின்றுவிட்டது. காயவைத்து ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம், ஆம்பைச் சரிபண்ணிவிட்டார், பாடவும் செய்தது. ஆனால் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகை டீயில் நனைத்த ரஸ்க் போல் அடிப்பக்கம் ஊறிப் பிரிந்துவிட்டது, இணைப்புகளில் காற்று கசிந்து ஒவ்வொரு பேஸுக்கும் ‘புஸ்’ என்ற சத்தம். ஃபெவிகால் வைத்து கிளாம்ப் போட்டுப் பார்த்தோம், ஊறிய பலகை பழைய நிலைக்கு வரவே இல்லை. கடைசியில் புதுசுதான். இப்போது கிரானைட் துண்டுமேல் வைத்திருக்கிறோம், வெள்ளமே வராவிட்டாலும் தினமும் மாப் போடுகிற தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறத்தானே செய்யும்.

திருச்சி ரசிகன்:

கோவை அண்ணே, நீங்கள் சொல்வது ஆம்போடு வரும் தனி சப்வூஃபருக்கு சரி. என்னுடையது சவுண்ட்பாரோடு வந்த ஒயர்லெஸ். அதற்கு “புதுசு” என்றால் முழு செட்டும் புதுசு, ஏனென்றால் சப்வூஃபரை மட்டும் தனியாகத் தர மாட்டார்கள், வேறு கம்பெனி பெட்டி இதோடு இணையவும் செய்யாது. சர்வீஸ் சென்டரில் போர்டுக்குச் சொன்ன விலை புது செட்டில் பாதியைத் தாண்டியது. விட்டுவிட்டு புது செட் வாங்கினேன். பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போடவில்லை, பேஸை மட்டும் விடும் லோ பாஸ் ஃபில்டரோடு வரும் சின்ன ஆம்ப் போர்டு ஒன்றை வாங்கிப் பொருத்தி மாடி அறையில் வைத்தேன், மகன் கம்ப்யூட்டருக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, டிவிடி ஹோம் தியேட்டர் செட்டோடு வரும் சப்வூஃபர்களில் 3 ஓம் வகை நிறைய உண்டு. பின்பக்க ஸ்டிக்கரைப் பார்க்காமல் வேறு ஆம்பில் மாட்டினால் ஆம்ப் சூடாகிப் போய்விடும்.

மதுரை சாலிடர்:

நான் செய்வதே இந்த வேலைதான். வூஃபர் கருகிப்போய் வந்தால் ஏன் கருகியது என்று பார்க்காமல் மாற்றவே கூடாது. அவுட்புட் டிரான்சிஸ்டரோ ஐசியோ ஷார்ட் ஆனால் ஆம்ப் நேராக டிசியை (பேட்டரி மாதிரி ஒரே திசையில் ஓடும் கரண்ட்) வூஃபருக்குத் தள்ளும், காயில் வெந்துவிடும். புது வூஃபரை வெளியில் வாங்கி வீட்டிலேயே மாட்டி அதையும் கருக்கிக்கொண்டு வருகிறவர்கள் அடிக்கடி வருவார்கள். மாட்டும் முன் ஸ்பீக்கர் முனை இரண்டுக்கும் நடுவில் டிசி அளந்து பாருங்கள், 100 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் பயமில்லை. 5200, 1943 என்ற அவுட்புட் டிரான்சிஸ்டர் ஜோடியை மாற்றினால் நம்பிக்கையான கடையில் வாங்குங்கள், மார்க்கெட்டில் டூப்ளிகேட் ஏராளம். ஓரத்து ஃபோம் மட்டும் பொடிந்திருந்தால் வூஃபரையே தூக்கிப் போட வேண்டாம், ஃபோம் மாற்றலாம், காயிலும் போயிருந்தால் ரீகோன் (கோனும் காயிலும் புதுசாகப் போடுவது) பண்ணலாம், மேக்னட்டும் பிரேமும் நன்றாக இருந்தால் போதும். போர்டுமேல் பல்லி விழுந்து ஷார்ட்டாகி வருவதும் உண்டு. பிளாஸ்டிக் பெட்டியில் வரும் சின்ன 4.1 செட்டை (நாலு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) மட்டும் நானே திருப்பி அனுப்பிவிடுவேன். அதற்கு என் கூலியே பொருளின் விலையைத் தொட்டுவிடும்.

இரண்டு வாண்டுகளின் அம்மா:

எங்கள் வீட்டில் கடகடவென்று அதிர்ந்தது, கணவர் புதுசு பார்க்க ஆன்லைனில் தேட ஆரம்பித்துவிட்டார். கவிழ்த்துக் குலுக்கினேன், காற்று வரும் ஓட்டை வழியாக ஒரு பம்பரம், ஒரு இரண்டு ரூபாய்க் காசு, பாதி கிரேயான். செலவு பூஜ்யம். சின்னவன் பம்பரத்தைக் கேட்டு அழுததுதான் மிச்சம்.

கோவைக்காரன்:

மதுரை அண்ணே, அந்த டிசி விஷயம் எனக்குப் புதுசு, நன்றி. வீட்டிலேயே திறந்து பார்க்கலாமா என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் பெரிய கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும், எஸ்எம்பிஎஸ் (கனமான டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத பவர் சப்ளை) வகை என்றால் 300 வோல்ட்டுக்கு மேலேகூட இருக்கும். பழக்கமில்லாதவர்கள் ஒயர், வூஃபர், ஓட்டை வரைக்கும் பாருங்கள், போர்டை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.