ஓம் விதி என்றால் தூக்கம், ஒயர் என்றால் உற்சாகம்: என்ன செய்யலாம்?

காரைக்குடி_பயிற்றுநர்:
ஐடிஐ எலக்ட்ரீஷியன் முதலாண்டு, 20 பேர். பிராக்டிகலில் பையன்கள் புலி. மதியம் தியரி எடுத்தால் கண் சொருகிவிடுகிறது. செலவில்லாத வழி இருந்தால் சொல்லுங்கள்.

கோட்டையூர்_ஒயரிங்:
சார், ஃபார்முலாவைக் கடைசியில் வையுங்கள். 100 வாட், 40 வாட் குண்டு பல்பு ஒவ்வொன்று வாங்கி சீரிஸில் (ஒரே கரண்ட் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டிலும் போகும்படி) மாட்டுங்கள். (எல்இடி ஆகாது, உள்ளே டிரைவர் என்ற எலக்ட்ரானிக் சர்க்யூட் இருக்கிறது.) போர்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். சுவிட்ச் போடுமுன், எது பிரகாசமாக எரியும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதட்டும். பெரும்பாலோர் 100 என்பார்கள். எரிவதோ 40, மற்றதில் கம்பி லேசாகச் சிவந்தால் உண்டு.

ஏன் என்று அவர்களே கேட்பார்கள். அப்போது வோல்டேஜின் வர்க்கத்தை வாட்டால் வகுக்கச் சொல்லுங்கள். 230 வோல்ட்டுக்கு 100 வாட் பல்பு 529 ஓம், 40 வாட் 1322 ஓம். சீரிஸில் கரண்ட் ஒன்றுதான். ரெசிஸ்டன்ஸ் கூடுதலாக உள்ளதுதான் அதிக வோல்டேஜை எடுத்துக்கொள்ளும்.

பிறகு சப்ளையை நிறுத்தி, பல்பு ஆறியதும் கழற்றி மல்டிமீட்டரில் பார்க்கட்டும். 100 வாட் பல்பு 529 காட்டாது, 40 ஓம் பக்கம்தான் நிற்கும். மீட்டர் பழுது என்பார்கள். டங்ஸ்டன் சூடேறினால் ரெசிஸ்டன்ஸ் ஏறும் என்ற பாடத்துக்கு அதுதான் சரியான நேரம்.

தேவகோட்டை_ஒயர்மேன்:
அடுத்த வாரம் மாடிப்படி ஒயரிங், அதாவது ஒரே லைட்டைக் கீழேயும் மேலேயும் இரண்டு சுவிட்சில் போட்டு அணைப்பது. ஒரு குழு பழுது வைக்க, இன்னொரு குழு கண்டுபிடிக்கட்டும். நல்ல பழுது ஒன்று: கீழ் சுவிட்சில் காமனுக்கு (நடு டெர்மினல்; சுவிட்ச் இதை இரு பக்க டெர்மினல்களில் ஒன்றோடு இணைக்கும்) வரவேண்டிய ஃபேஸை (சப்ளை ஒயரை) பக்க டெர்மினலில் கொடுத்து, அங்கிருந்த ஒயரைக் காமனில் மாட்டுவது. கீழ் சுவிட்ச் ஒரு பக்கம் இருந்தால் மேல் சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்யும். மறுபக்கம் தள்ளினால் மேலே எப்படிப் போட்டாலும் லைட் வராது. வரைபடம் போடாமல் இதைப் பிடிப்பது கஷ்டம். படம் போடமாட்டேன் என்கிற பையனும் பென்சில் தேடுவான்.

காரைக்குடி_பயிற்றுநர்:
ரொம்ப நன்றி. மீட்டர் ஐந்துதான் இருக்கிறது. கணக்கு பீரியடுக்கும் ஏதாவது உண்டா?

கோட்டையூர்_ஒயரிங்:
நாலு பேருக்கு ஒரு மீட்டர். ஒருவன் அளக்க, ஒருவன் எழுத, ஒருவன் படம் போட, ஒருவன் சப்ளை நின்றிருக்கிறதா என்று பார்க்க. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கெட்டிக்காரன் மீட்டரை விடமாட்டான்.

கணக்குக்கு ஆத்தங்குடித் தரைக் கல். 12க்கு 10 அடி அறை, 8 அங்குலக் கல்: நீளத்தில் 18, அகலத்தில் 15, ஆக 270. சேதாரம் 5 சதவீதம் சேர்த்தால் 284. முதலில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணட்டும், அப்புறம் நோட்டு.