சாதாரணம் என்று விட்ட உடல் மாற்றங்கள்: உங்கள் வீட்டில் நடந்தது என்ன?

புறக்கோட்டையான்:
சித்தப்பா இங்கே கொழும்பு புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கிறார். வாயில் வெற்றிலைக் கூறு இல்லாமல் அவரை யாரும் கண்டதில்லை. போன வருடம் சம்பலைத் தொட்டாலே வாய் எரிகிறது என்று தட்டைத் தள்ளத் தொடங்கினார். திட்டு வாங்கியது சித்தி. மிளகாய் கூடிவிட்டதாம்! பிறகு அப்பத்தைக்கூடச் சிறிது சிறிதாகப் பிய்த்துத்தான் தின்றார். கொட்டாவி விட்டாலும் வாய் பாதிதான் திறந்தது.

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போன இடத்தில் பல் வைத்தியர் பல்லை விட்டுவிட்டுக் கன்னத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தார். சதை வெளிறி, உள்ளே கயிறு ஓடினாற்போல் இறுகியிருந்தது. "மூன்று விரல்களைச் சேர்த்துப் பற்களுக்கு நடுவே நிமிர்த்தி வையுங்கள், ஐயா" என்றார். இரண்டுக்குமேல் போகவில்லை.

பாக்கு மெல்லுகிறவர்களுக்கு வரும் இறுக்கம் இது. புற்றுநோய் அல்ல, ஆனால் சிலருக்குப் பிற்காலத்தில் அப்படி மாறலாம். "நான் புகையிலை போடுவதில்லையே" என்று சித்தப்பா வாதாடினார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004இலேயே சொல்லிவிட்டது. மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் நம்மவர்கள் பலர் வாயைக் காட்டுவதில்லை. இவருக்கு ஒரு துண்டுச் சதை எடுத்துச் சோதித்தார்கள், கிளினிக் கொப்பி ஒன்று கொடுத்தார்கள், அவ்வளவுதான். இறுகியது முழுதாகப் பழைய நிலைக்கு வராதாம். பாக்கை நிறுத்தியிருக்கிறார். கடையில் எல்லோர்மீதும் எரிந்து விழுகிறார், அது வேறு கதை.

வெள்ளவத்தைப் பெண்:
எங்கள் பெரியம்மாவுக்கு நீண்ட காலமாகச் சலரோகம், அதாவது நீரிழிவு. நெஞ்சு நோகவே இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, தாடை உளைந்தது, மின்விசிறியின் கீழ் இருந்தும் வியர்த்துக் கொட்டியது. வாய்வுதான் என்று பக்கத்து வீட்டு அக்கா உள்ளி அவித்துக் கொண்டுவந்தார். மச்சாள் அதை வாங்கி வைத்துவிட்டு 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்தாள். ஈ.சீ.ஜீ. எடுத்ததும் மாரடைப்பு என்றார்கள். சலரோகம் நரம்புகளைக் கெடுப்பதால் சிலருக்கு நெஞ்சுவலி தெரியாமலே போகுமாம். பெண்களுக்கும் இப்படி வலியில்லாமல் வருவதுண்டு என்றார் வைத்தியர். வாய்வு என்ற பெயரை நம் வீடுகளில் கொஞ்சம் குறைத்துப் பாவிக்கலாம்.

கொட்டாஞ்சேனை அப்பா:
மழைக்காலத்தில் பிள்ளை வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். டெங்கு பயமுறுத்துவது காய்ச்சல் விடும் நேரத்தில்தான். மகனுக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது என்று வீடே மகிழ்ந்தது, அவனோ வயிறு நோகிறது என்று சுருண்டு படுத்தான், வாந்தியும் எடுத்தான். அன்றே வார்டில் வைத்துக்கொண்டார்கள். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் தவிர அஸ்பிரின், இபுபுரோபன் எதையும் கொடுக்காதீர்கள்.

தெகிவளை ஆசிரியை:
புறக்கோட்டையான் அண்ணா, என் கணவர் வெற்றிலை போடுவதில்லை. ஆனால் நாக்கின் ஓரத்தில் ஒரு புண், வலியே இல்லை. காட்ட வேண்டுமா?

புறக்கோட்டையான்:
இரண்டு வாரம் தாண்டியும் ஆறவில்லை என்றால் கட்டாயம் காட்டுங்கள், தங்கச்சி. வலியில்லை என்பதை நல்ல சகுனமாக எடுக்க வேண்டாம் என்றுதான் எங்களுக்கும் சொன்னார்கள். பல் வைத்தியரே பார்ப்பார். அரச வைத்தியசாலைப் பல் பிரிவில் காலையிலேயே வரிசை இலக்கத் துண்டு எடுக்கச் சொல்லுங்கள், பிந்தினால் வரிசை நீண்டுவிடும்.